இரண்டு மேஜர், ஒரே பட்டம்: மிச்சமிருக்கும் இரண்டு வருடத்தை எப்படி அடுக்குவது?

கேள்வி: நான் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜோர்ஜ் வளாகத்தில் இரண்டாம் வருடம் முடிக்கிறேன். அரசறிவியலும் சமூகவியலும் என் இரண்டு மேஜர்கள், அதாவது முதன்மைத் துறைகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி, பல பாடங்களை இரண்டு பக்கமும் கணக்கில் காட்டலாம், சுலபமாக முடிக்கலாம் என்று சிநேகிதிகள் சொன்னதை நம்பித்தான் சேர்ந்தேன். இப்போது பட்டத் தேவைகளைச் சரிபார்க்கும் பல்கலைக்கழக இணையக் கருவியான டிகிரி எக்ஸ்புளோரரில் பார்த்தால் எங்கும் சிவப்பாக, அதாவது நிறைவேறாததாக, இருக்கிறது. இதுவரை 9 கிரெடிட் முடித்திருக்கிறேன்: இரண்டு மேஜரிலும் தலா இரண்டரை, மற்றவை 4. அந்த நான்கும் முதல் வருட மட்டப் பாடங்கள். புள்ளியியலைப் பயத்தில் பாதியில் விட்டுவிட்டேன். அதை சிஆர்/என்சிஆர் முறையில், அதாவது மதிப்பெண் இல்லாமல் கிரெடிட் உண்டு, இல்லை என்று மட்டும் பதிவாகும் முறையில், எடுக்கலாமா? நான்கு வருடத்தில் முடிக்க முடியுமா? "ரெண்டு எதுக்கு, ஒண்டை விட்டுட்டு மைனராக்கு" என்கிறார் அப்பா. ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவியான ஓசாப் கடனில் படிக்கிறேன், வார இறுதியில் வேலைக்கும் போகிறேன்.
— வாசகி, ஸ்காபரோ

பதில்:

வணக்கம் தங்கச்சி,

நான்கு வருடத்தில் முடிக்கலாம். இடையில் வரும் இரண்டு கோடையிலும் ஒவ்வோர் அரைப்பாடம், அதாவது அரைக் கிரெடிட் பாடம், எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சமூகவியலை விட வேண்டாம். புள்ளியியலை சிஆர்/என்சிஆரில் எடுக்கவே வேண்டாம். இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் நாளைக்கு வேறொரு விதி குறுக்கே வரும்போது நீங்களே பார்த்துச் சமாளிப்பீர்கள்.

உங்கள் சிநேகிதிகள் சொன்னதில் பாதி உண்மை. அரசறிவியலும் சமூகவியலும் பேசும் விஷயங்கள் நிறையவே ஒன்றாக இருக்கின்றன. மார்க்ஸ், வெபர் இரண்டிலும் வருவார்கள். தேசியவாதம், குடிபெயர்வு, சமூக இயக்கங்கள், சமத்துவமின்மை, பாலினம் என்று எதை எடுத்தாலும் இரண்டு துறையிலும் அதற்கு ஒரு பாடம் இருக்கும். ஆனால் விஷயம் ஒன்றாக இருப்பதால் கிரெடிட்டும் ஒன்றாகிவிடாது. பெரும்பாலான துறைகள் தங்கள் துறைக் குறியீடு போட்ட பாடங்களையும், தாங்களே பட்டியலிட்டு ஏற்றுக்கொண்ட சில வெளிப்பாடங்களையும் மட்டும்தான் மேஜருக்குச் சேர்த்துக்கொள்ளும். சமூகவியலில் நீங்கள் எடுத்த குடிபெயர்வுப் பாடம் அரசறிவியலுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், அந்தத் துறையின் பட்டியலில் அது இல்லையென்றால் அங்கே அதற்கு மதிப்பு பூச்சியம்.

பட்டியலில் இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. கலை அறிவியல் பீடத்தில் இரண்டு மேஜரோடு பட்டம் பெறுபவர் இரண்டையும் சேர்த்துக் குறைந்தது 12 வெவ்வேறு கிரெடிட் காட்ட வேண்டும். ஒரு மேஜர் பெரும்பாலும் 6 முதல் 8 கிரெடிட் வரை இருக்கும். உங்களுடையவை தலா 7 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். நீங்கள் மேஜரில் சேர்ந்த வருடத்துக் கலண்டரை, அதாவது பாடங்களும் விதிகளும் அடங்கிய பீடக் கையேட்டை, எடுத்து இந்த எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பொருந்துவது அந்த வருடத்து விதிதான். ஏழும் ஏழும் பதினான்கு. வெவ்வேறாக 12 வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் எண்ணக்கூடியது அதிகபட்சம் 2 கிரெடிட், அதாவது நான்கு அரைப்பாடம். நாற்பது அரைப்பாடப் பட்டத்தில் நான்கு. நடைமுறையில் ஒன்றோ இரண்டோ கிடைத்தாலே பெரிய விஷயம். ஆகவே திட்டத்தை, எதுவுமே இரண்டு பக்கமும் எண்ணப்படாது என்று வைத்தே போடுங்கள். ஏதாவது எண்ணப்பட்டால் அது லாபம்.

அப்படிப் போட்டால் உங்கள் நிலை இது. பட்டத்துக்கு 20, கையில் 9, மிச்சம் 11. மேஜர்களில் தலா நாலரை பாக்கி, ஆக 9. மீதி 2 கிரெடிட் வெளிப்பாடங்களுக்கு. பதினொரு கிரெடிட் என்றால் 22 அரைப்பாடம். வருடத்துக்குப் பத்து வீதம் இருபது போக, மிச்சம் இரண்டு. நான் சொன்ன இரண்டு கோடை அரைப்பாடங்கள் அவைதான்.

இப்போது அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். ஒன்றை மைனராக்கினால், அதாவது குறைந்த கிரெடிட்டில் முடியும் துணைத் துறையாக்கினால், சுமை குறையும் என்று அவர் நினைப்பது இயல்பு. ஆனால் இந்த வளாகத்தில் ஒரு மேஜரும் ஒரு மைனரும் மட்டும் வைத்து ஹானர்ஸ் பட்டம் வாங்க முடியாது. ஒரு ஸ்பெஷலிஸ்ட் (ஒரே துறையை ஆழமாகப் படிப்பது), அல்லது இரண்டு மேஜர், அல்லது ஒரு மேஜரோடு இரண்டு மைனர். இந்த மூன்றில் ஒன்றுதான் வழி. சமூகவியலை மைனராக்கினால் அதற்கு 4 கிரெடிட்; உங்களிடம் இரண்டரை இருக்கிறது, பாக்கி ஒன்றரை. ஆனால் இன்னொரு மைனர் புதிதாகத் தேட வேண்டும். நீங்கள் எடுத்த வெளிப்பாடங்களில் ஒரு கிரெடிட் அந்த மைனருக்குச் சேரும் என்றே வைத்தாலும் இன்னும் 3 வேண்டும். அரசறிவியலின் நாலரையோடு கூட்டிப் பாருங்கள்: அதே 9 கிரெடிட். சுமையில் ஒரு பாடம்கூடக் குறையவில்லை, கையில் இருக்கும் ஒரு துறையைச் சுருக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கியதுதான் மிச்சம். அப்பாவிடம் இந்தக் கூட்டலைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: இரண்டு மேஜர் எடுத்தால் இரண்டு பட்டம் கிடைக்காது. கிடைப்பது ஒரே இளங்கலை ஹானர்ஸ் பட்டம்தான். டிரான்ஸ்கிரிப்டில் இரண்டு மேஜரும் தெரியும். வீட்டில் பலர் இதைத் தவறாக நினைத்து, பிறகு பட்டமளிப்பு நாளில் ஏமாற்றப்பட்டதுபோல் உணர்வதைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பாகத் தெரிவதில் பாதி மேஜர் சம்பந்தப்பட்டதே அல்ல, பட்டத்தின் பொது விதிகள். சமூக அறிவியலில் இரண்டு மேஜர் எடுப்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வதும் இங்கேதான், ஏனென்றால் கவனமெல்லாம் மேஜர் பக்கமே இருக்கும்.

முதலில் பரப்புத் தேவை, அதாவது பல துறைப் பாடங்களையும் தொட்டிருக்க வேண்டும் என்ற விதி. பாடங்கள் ஐந்து பரப்புப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: (1) கலை பண்பாடு; (2) சிந்தனை, நம்பிக்கை, நடத்தை; (3) சமூகமும் அதன் நிறுவனங்களும்; (4) உயிரினங்களும் சூழலும்; (5) பௌதிக, கணித உலகம். நான்கு பிரிவுகளில் தலா 1 கிரெடிட் வேண்டும். அல்லது மூன்றில் தலா 1, மற்ற இரண்டிலும் தலா அரை. உங்கள் மேஜர் பாடங்களில் பெரும்பகுதி மூன்றாம் பிரிவில் போய் விழுகிறது. அங்கே பத்துக் கிரெடிட் குவிந்தாலும் ஒன்றுக்குமேல் பயனில்லை. இலக்கியப் பாடத்தாலும் அரசியல் கோட்பாட்டாலும் முதல் இரண்டு பிரிவும் உங்களுக்கு நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாக்கி நான்கும் ஐந்தும். இரண்டிலும் தலா அரை எடுத்தால் போதும்.

இங்கேதான் நீங்கள் பயந்து விட்ட புள்ளியியல் உங்களுக்கு உதவிக்கு வருகிறது. சமூக அறிவியல் துறைகள் நடத்தும் புள்ளியியல் பாடங்களில் சில ஐந்தாம் பிரிவில் வருகின்றன. கலண்டரில் ஒவ்வொரு பாடத்தின் கீழும் அதன் பிரிவு எழுதியிருக்கும், பாருங்கள். அப்படிப்பட்ட ஒன்றை எடுத்தால் அதே அரைப்பாடம் மேஜரின் ஆய்வுமுறைத் தேவையையும் தீர்க்கும், ஐந்தாம் பிரிவின் அரையையும் தீர்க்கும். மேஜருக்கு எண்ணும் பாடத்தைப் பரப்புக்கும் எண்ணலாம், அதற்குத் தடை இல்லை. இரண்டு மேஜருக்கு நடுவில் நீங்கள் தேடிய சேமிப்பு, மேஜருக்கும் பரப்புக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனால் சிஆர்/என்சிஆரில் எடுத்தால் இது கெட்டுப்போகும். அந்த முறையில் 2 கிரெடிட் வரை எடுக்கலாம், பட்டத்தின் இருபதுக்கும் பரப்புத் தேவைக்கும் அவை செல்லும். மேஜருக்குச் செல்லாது. புள்ளியியலை அப்படி எடுத்தால் பரப்புத் தீரும், ஆய்வுமுறை அப்படியே நிற்கும், திரும்பவும் ஒன்று எடுக்க வேண்டும். அந்த வசதியை நான்காம் பிரிவில் எடுக்கப்போகும் பாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூழலியல், பரிணாமம், உடல்நலம் என்று உங்களுக்குப் பழக்கமில்லாத பாடமாக அது இருக்கும். அதில் மதிப்பெண் குறைந்தால் சராசரியை இழுக்காது.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பாடங்களில் கணிதம் குறைவு, வாசிப்பு அதிகம். ஒரு அட்டவணையைப் பார்த்து அதில் என்ன சொல்லப்படுகிறது, என்ன சொல்லப்படவில்லை என்று கண்டுபிடிக்கும் பயிற்சி அது. கஷ்டப்படுபவர்களில் அநேகர் வாராவாரம் வரும் பயிற்சிகளைத் தள்ளிப்போட்டுவிட்டு இடைத்தேர்வுக்கு முதல்நாள் உட்காருபவர்கள். அதனால் இதைக் கோடையில் எடுக்காதீர்கள். கோடையில் பல அரைப்பாடங்கள் ஆறே வாரத்தில் முடியும், வேகம் இரண்டு மடங்கு. கோடைக்கு நான்காம் பிரிவுப் பாடம் போதும். புள்ளியியலை செப்டெம்பரில், நல்ல தெம்போடு, மற்ற நான்கும் வாசிப்புப் பாடங்களாக இருக்கும் தவணையில் எடுங்கள்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசறிவியலும் சமூகவியலும் தனித்தனியே புள்ளியியல் வைத்திருக்கின்றன, உளவியலும் பொருளியலும்கூட வைத்திருக்கின்றன. இவற்றில் பல ஒன்றுக்கொன்று 'விலக்கு' என்று கலண்டரில் குறிக்கப்பட்டிருக்கும். விலக்கான இரண்டையும் எடுத்தால் இரண்டாவது 'கூடுதல்' என்று பதிவாகி, பட்டத்தின் இருபதில் சேராமல் போகும். பணமும் ஒரு தவணையும் போனபிறகு இதைக் கண்டுபிடித்து அழுதுகொண்டு வருபவர்கள் வருடாவருடம் உண்டு. ஆகவே பதிவு செய்வதற்குமுன் இரண்டு துறையின் இளங்கலை ஆலோசகர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் துறையின் புள்ளியியலுக்குப் பதிலாக மற்றத் துறையின் பாடத்தை ஏற்பீர்களா, ஏற்றால் அந்த அரைக் கிரெடிட்டை நான் வேறு பாடத்தால் நிரப்ப வேண்டுமா என்று கேளுங்கள். வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். நேரில் கேட்டு வாய்ப்பேச்சில் வாங்கிய சம்மதம் இரண்டு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மட்டங்களையும் பார்க்க வேண்டும். இருபதில் 13 கிரெடிட் 200 மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 6 கிரெடிட் 300 மட்டத்திலோ மேலோ. அப்படியென்றால் 100 மட்டத்துக்கு, அதாவது முதல் வருட மட்டத்துக்கு, 7தான் இடம். மேஜர்களின் அறிமுகப் பாடங்கள் 2, வெளிப்பாடங்கள் 4, ஏற்கெனவே 6 போய்விட்டது. இன்னும் இரண்டே அரைப்பாடம் 100 மட்டத்தில் எடுக்கலாம். அதில் ஒன்று நான்காம் பிரிவுக்குப் போகும். "லேசான பாடம்" என்று இனி யாராவது சிபாரிசு செய்தால் முதலில் அதன் மட்டத்தைப் பாருங்கள்.

சரி, கணக்கு போதும். மிச்சமுள்ள ஒன்பது மேஜர் கிரெடிட்டில் எதைப் படிப்பது? எனக்கு இதுதான் முக்கியம். ஒட்டிக்கிடக்கும் இரண்டு துறைகளை எடுப்பவர்கள் வசதிக்காக ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் படித்துவிடுகிறார்கள். குடிபெயர்வு இங்கேயும், குடிபெயர்வு அங்கேயும். அதே வாசிப்புகள், அதே விவாதங்கள். நான்கு வருடம் முடிந்து வரும்போது ஒன்றரைத் துறைதான் தெரிந்திருக்கும். விஷயத்தை ஒரு பக்கம் படித்தால் போதும். மற்றப் பக்கத்தில் அந்தத் துறைக்கே உரியதைப் படியுங்கள்: அரசறிவியலில் கனடாவின் கூட்டாட்சி, தேர்தல் முறைகள், சர்வதேச உறவுகள், சமூகவியலில் குடும்பம், வேலை, உடல்நலம், வர்க்க அடுக்கு. ஆய்வுமுறையும் அப்படியே. புள்ளியியலை ஒரு துறையில் எடுத்தால், நேர்காணல், களஆய்வு சார்ந்த முறையை மற்றத் துறையில் எடுக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை. வன்னியில் போர் இறுதிக் கட்டத்தில் இருந்தபோது ரொறன்ரோவில் நம் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தியது. நீங்கள் அப்போது குழந்தை. வீட்டில் யாராவது போயிருக்கக்கூடும். சமூகவியல் படிப்பவர் கேட்பது: அன்றைக்கு யார் யார் வந்தார்கள்? கோயில், மாணவர் சங்கம், உறவு, தொலைபேசி, இவற்றில் எது அவர்களை வீதிக்கு அழைத்துவந்தது? இங்கே பிறந்த பிள்ளைகள் ஏன் முன்வரிசையில் நின்றார்கள்? சமூகவியலாளர் ரேமன்ட் பிரெட்டன் 1964இல், தனக்கென நிறுவனங்களைக் கட்டிக்கொண்ட புலம்பெயர் சமூகத்தில் ஆட்களின் உறவுகள் அந்தச் சமூகத்துக்குள்ளேயே நிலைக்கின்றன என்று மொன்றியல் குடியேறிகளை ஆராய்ந்து காட்டினார். ஸ்காபரோவில் வளர்ந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அரசறிவியல் படிப்பவர் கேட்பது வேறு: 2006இல் புலிகளைத் தடைசெய்திருந்த ஒட்டாவா அரசு இந்தப் போராட்டத்தை எப்படிக் கையாண்டது? வீதியில் திரண்ட கூட்டம் தேர்தல் பலமாக மாறியதா? 2011இல் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதியில் ராதிகா சிற்சபைஈசன் வென்று கனடா நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் ஆனதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? முதலாமவர் ஆட்களைத் தேடிப் போய் நேர்காணுவார். மற்றவர் நாடாளுமன்றப் பதிவுகளையும் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளையும் எடுத்து உட்காருவார். இந்த இரண்டையும் செய்யத் தெரிந்த ஒருவராக நீங்கள் வெளியே வர வேண்டும். அதற்குத்தான் இரண்டு மேஜர்.

இதே உதாரணத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கார்டினர் மறியல் பற்றி சமூகவியலில் ஒரு கட்டுரை எழுதினீர்கள் என்று வையுங்கள். அடுத்த தவணை அரசறிவியலில் கிட்டத்தட்ட அதே தலைப்பு வருகிறது. பழையதைத் திருத்திக் கொடுக்கக் கை துறுதுறுக்கும். கொடுக்காதீர்கள். ஒரு பாடத்தில் மதிப்பெண் பெற்ற வேலையை அனுமதி இல்லாமல் இன்னொரு பாடத்தில் சமர்ப்பிப்பது பல்கலைக்கழகத்தின் கல்வி நடத்தை விதிப்படி குற்றம், அது உங்கள் சொந்தக் கட்டுரையாகவே இருந்தாலும். "நான் எழுதினதுதானே" என்ற பதில் அங்கே எடுபடாது. தொடர்பில்லாத துறைகளில் படிப்பவர்களுக்கு இந்தச் சந்தர்ப்பம் வருவது அரிது. உங்களைப்போல் அடுத்தடுத்த துறைகளில் படிப்பவர்களுக்கு ஒவ்வொரு தவணையும் வரும். பழைய ஆய்வை விரிவாக்க விரும்பினால் எழுதத் தொடங்கும் முன்பே விரிவுரையாளரிடம் சொல்லி, பழைய கட்டுரையையும் காட்டி, எது புதிதாக இருக்கும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் சந்தோஷமாக வழிகாட்டுவார்கள்.

அடுக்கும் முறை: நான்காம் வருடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். இரண்டு துறையிலும் 400 மட்டச் செமினார்களின் பட்டியலை எடுத்து, உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்றைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் என்ன முன்பாடம் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்த முன்பாடங்கள்தான் மூன்றாம் வருடத்தின் எலும்புக்கூடு. இரண்டாம் வருடக் கோட்பாட்டிலும் ஆய்வுமுறையிலும் பாக்கி இருப்பதை மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்; சில பாடங்கள் வருடத்தில் ஒரு தவணை மட்டும்தான் நடக்கும், தவறவிட்டால் ஒரு வருடம் போகும். செமினார்களைத் தவணைக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒரே தவணையில் இரண்டு செமினார் எடுத்தால் நீண்ட கட்டுரைகள் இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும், அதுவும் வார இறுதியில் வேலைக்குப் போகும் உங்களுக்கு. வகுப்புகளை முடிந்தவரை மூன்று நாளுக்குள் சுருக்கப் பாருங்கள். ஸ்காபரோ ரயில் பாதை 2023இல் மூடப்பட்ட பிறகு பஸ்ஸில் கென்னடிக்கு வந்து சப்வே ஏறும் நேரத்தை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

ஏதாவது தவணை தாங்க முடியாமல் போனால் பாடத்தைக் கைவிடுவதில் வெட்கம் இல்லை. ஆனால் ஓசாப்பில் முழுநேர மாணவராக நிற்க 60 விழுக்காடு சுமை வேண்டும்; ஐந்து அரைப்பாடம் முழுச்சுமை என்றால் மூன்று. மூன்றுக்குக் கீழே போகும் எண்ணம் வந்தால் பாடப்பதிவு இணையதளமான ஏகார்னில் பொத்தானை அழுத்துவதற்குமுன் உங்கள் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் பேசுங்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை.

ஜூலையில் பாடப்பதிவு திறக்கும்போது பல 300, 400 மட்டப் பாடங்களில் முதல் சுற்று அந்தத் துறை மாணவர்களுக்கே முன்னுரிமை. இரண்டு துறையிலும் மேஜராக நீங்கள் பதிவாகியிருப்பது அன்றைக்கு நேரடியாக உதவும். அதற்குள் டிகிரி எக்ஸ்புளோரரின் திட்டப் பகுதியில் 22 அரைப்பாடங்களையும் போட்டுப் பாருங்கள்; அது பெரும்பாலான விதிகளைச் சரிபார்த்துச் சொல்லும். அந்தத் திட்டத்தையும் இரண்டு துறையிலிருந்து வந்த மின்னஞ்சல் பதில்களையும் எடுத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சந்திப்பு வாங்குங்கள். அப்பாவுக்கு நேரம் இருந்தால் அவரையும் கூட்டிப் போகலாம். உங்கள் சம்மதத்தோடு அவர் முன்னாலேயே அவர்கள் விளக்குவார்கள்.